வீடு வந்துவிட்டது, மனை எங்கே? இருளர் குடியிருப்புகள் பற்றி ஒரு விவாதம்

தொண்டைநாட்டான் (இழையைத் தொடங்கியவர்)

செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கம் இருளர் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, ஆபீஸுக்குக் கூடப் போவது என்று சில வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அமைப்பு எதுவும் கிடையாது, நானாகப் போவதுதான். அதில் ஒரு விஷயம் அடிக்கடி முட்டுகிறது, இங்கே கட்டடம் தெரிந்தவர்களும் வருவாய்த்துறை ஆட்களும் இருப்பதால் கேட்கிறேன்.

2023 நவம்பர் 15-ல் மத்திய அரசு ஜன்மன் திட்டம் தொடங்கியது. மொத்தம் 24,104 கோடி ரூபாய், நாடு முழுக்க 75 நலிவடைந்த பழங்குடிகளுக்கு 4.90 லட்சம் வீடு, அதோடு ரோடு, தண்ணீர், கரண்ட் எல்லாம். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் ஆறு சமூகம்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இதில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இருளர்தான், 2011 கணக்கெடுப்பில் 1.89 லட்சம் பேர். மற்ற ஐந்து சமூகமும் பெரும்பாலும் மலையும் காடும் சார்ந்தவை. இருளரில் பெரும்பகுதி சமவெளியில், ஏரிக்கரையிலும் ஓடைக்கரையிலும் சவுக்குத் தோப்பு ஓரத்திலும் பத்துக் குடும்பம், இருபது குடும்பமாகச் சிதறி இருக்கிறார்கள்.

போன மாதம் போன இடத்தில் பயனாளிப் பட்டியலில் பெயர் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, ஆதார் இருக்கிறது. வீடு கட்டத் தொடங்குவதற்கான வேலை உத்தரவு மட்டும் வரவில்லை. காரணம், குடிசை நிற்கிற இடம் ஏரி உள்வாய், அதாவது ஏரித் தண்ணீர் நிற்கிற பகுதி. வேறு இடம் கொடுங்கள் என்றால் ஊரில் புறம்போக்கே இல்லை என்கிறார்கள். அந்தக் குடிசையைச் சொல்ல வேண்டும்: நான்கு பக்கமும் சவுக்குக் கம்பு, மேலே தேர்தல் நேரத்து ஃபிளெக்ஸ் பேனர் இரண்டு அடுக்கு, அதன்மேல் காற்றில் பறக்காமலிருக்க பழைய சைக்கிள் டயர். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. பேனரில் இருக்கிற தலைவர் முகம் தலைகீழாக உள்ளே பார்த்துச் சிரிக்கிறது.

என் கேள்வி இதுதான். வீட்டுக்குப் பணம் ஒதுக்குவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், வீடு எந்த இடத்தில் நிற்கும் என்பதை யார் தீர்மானிப்பது?

பழையகர்ணம்

ஓய்வு பெற்ற விஏஓ, கிராம நிர்வாக அலுவலர் நான். நீங்கள் சொல்வது எல்லா ஊரிலும் இருக்கிற கதைதான், ஆனால் எங்கள் பக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். புறம்போக்கு எல்லாம் ஒன்றல்ல. ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் தாசில்தார் மட்டத்திலேயே மனை ஒப்படை போட்டுவிடலாம், கிராமத்தில் 3 சென்ட் வரைக்கும். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் எல்லாம் ஆட்சேபகரமானது. நீர்நிலையில் பட்டா போடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் ஒருமுறை அல்ல, பலமுறை சொல்லியிருக்கிறது. மீறிப் போட்டால் நாளைக்குக் கூண்டில் நிற்பது கையெழுத்துப் போட்டவன். மேய்க்கால், அதாவது மேய்ச்சல் நிலம் என்றால் அதற்கு ஈடாக வேறு நிலம் காட்டி வகைமாற்றம் செய்ய வேண்டும், அந்தக் கோப்பு மேலே போய்த் திரும்பி வருவதற்குள் மூன்று கலெக்டர் மாறிவிடுவார்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று உண்டு, அதை வெளியே சொல்ல மாட்டார்கள். புறம்போக்கு இல்லை என்பது பல ஊரில் உண்மை இல்லை. இருக்கும். ஊரில் செல்வாக்கான யாராவது அதில் வேர்க்கடலை போட்டிருப்பார். அடங்கலில், அதாவது கிராமச் சாகுபடிக் கணக்கில், தரிசு என்று வருஷா வருஷம் எழுதிக்கொண்டிருப்போம்.

கேள்விக்கென்ன

எல்லாம் சரி. ஒரு எதிர்க்கேள்வி கேட்டால் கோபப்படக் கூடாது. எங்கள் ஊரில் தொண்ணூறுகளில் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு இன்றைக்கும் இருக்கிறது. பாதி வீடு பூட்டு. சிலதில் விறகு போட்டிருக்கிறார்கள், பக்கத்திலேயே கொட்டாய் போட்டு அதில் படுக்கிறார்கள். வருஷத்தில் ஆறு மாதம் ஆளே கிடையாது. வீடு கொடுத்தும் இருக்க மாட்டேன் என்கிறவர்களுக்கு மறுபடியும் மறுபடியும் கட்டிக் கொடுத்து என்ன பயன்? அரசுப் பணம் நம் வரிப்பணம்தானே.

கம்பிசிமெண்ட்

கேள்விக்கென்ன சொன்னது:
> பாதி வீடு பூட்டு... பக்கத்திலேயே கொட்டாய் போட்டு அதில் படுக்கிறார்கள்

அந்தத் தொகுப்பு வீட்டுக்குள்ளே நீங்கள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா நண்பரே? நான் போயிருக்கிறேன், சிவில் வேலைதான் எனக்கு. கூரைக் கான்கிரீட்டில் அடிப்பகுதி முழுக்கப் பெயர்ந்து கம்பி வெளியே தெரியும், துருப்பிடித்து விரலால் தட்டினால் பொலபொலவென்று செதில் விழும். கம்பிக்கு அடியில் கான்கிரீட் மூடுவதற்கு இடைவெளி விடாமல் கம்பியை நேரே பலகைமேல் வைத்து ஊற்றினால் அப்படித்தான் ஆகும். மழைக்காலத்தில் ராத்திரி பிள்ளைமேல் ஒரு துண்டு விழுந்தால் யார் பொறுப்பு? வெளியே கொட்டாயில் படுப்பது அவர்களுக்குப் புத்தி இருப்பதால்தான்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஜன்மனில் ஒரு வீட்டுக்கு 2.39 லட்சம் என்கிறார்கள். அதில் கழிப்பறைக்கு 12,000, நூறு நாள் வேலைக் கணக்கில் கூலியாகச் சுமார் 27,000. கட்டடத்துக்கு என்று கையில் வருவது 2 லட்சம். இன்றைய விலைக்குச் சதுர அடி 2,000 ரூபாய்க்குக் குறைந்து ஒழுங்கான வீடு கட்ட முடியாது, 300 சதுர அடி என்றாலே 6 லட்சம். மாநில அரசு மேலே சேர்த்துத் தருகிறது, அதை மறைக்கவில்லை. கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடிக்கு 3.5 லட்சம் தருகிறார்கள், கம்பியும் சிமெண்டும் அரசே கொடுத்துப் பிடித்தம் செய்கிறது. என்றாலும் கையிலிருந்து போட வேண்டிய தொகை ஒன்று நிற்கும். மற்ற சமூகத்து ஏழை என்றால் நகையை வைப்பான், மச்சானிடம் கேட்பான், சங்கத்தில் கடன் எடுப்பான். இருளர் குடும்பத்துக்கு அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள்.

சவுக்குத்தோப்பு

நான் இருளர். மரக்காணம் பக்கம். ஐடிஐ முடித்துக் கம்பெனியில் இருக்கிறேன். இந்த மாதிரி இடங்களில் எழுதுவதில்லை, ஒரு அண்ணன் லிங்க் அனுப்பினார், படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கம்பிசிமெண்ட் அண்ணா கேட்ட அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில், செங்கல் சூளையிலிருந்து வரும். முன்பணமாக வரும். வீடு பாதியில் நின்றால் அந்தத் தொகைக்காக ஒருவர் சூளைக்காரரிடம் போய்க் கை நீட்டுவார், அப்புறம் குடும்பமே தை மாதம் கிளம்பிப் போய் ஆனி வரைக்கும் கல் அறுக்கும். பிள்ளைகளும் கூடப் போகும். கேள்விக்கென்ன சார் ஆறு மாதம் ஆள் இல்லை என்கிறார். ஆமாம், இல்லை. போன ஆறு மாதத்தில் நாங்கள் அறுத்த கல்லில் உங்கள் ஊரில் எத்தனை வீடு எழும்பியது என்று பாருங்கள் சார். கோபமாகச் சொல்லவில்லை, நடப்பது அதுதான்.

இன்னொன்று. அரசாங்கத்தில் வேலை உத்தரவு வருவது பெரும்பாலும் மார்ச்சுக்கு முன்னாடி அவசர அவசரமாக. அப்போது நாங்கள் சூளையில் இருப்போம். அஸ்திவாரம் போட்டுப் போட்டோ எடுத்து ஏற்றினால்தான் அடுத்த தவணை. வீட்டுக்காரர் இல்லாமல் எப்படி? அந்த இடத்தில்தான் கான்ட்ராக்டர் நுழைவார். "நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன், பாஸ்புக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போ" என்பார். என் சித்தப்பாவின் ஏடிஎம் கார்டு ஒன்றரை வருடம் ஒருவர் சட்டைப்பையில் இருந்தது. வீடு ஜன்னல் மட்டத்தில் நின்றது. இப்போதும் நிற்கிறது, உள்ளே வேலிக்காத்தான் முளைத்து எங்களைவிட உயரமாக இருக்கிறது.

தொண்டைநாட்டான்

தம்பி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. சாதிச் சான்றிதழ் விஷயத்தையும் சொல்லுங்கள், அது தெரியாமல் இங்கே பலர் பேசுகிறார்கள்.

சவுக்குத்தோப்பு

அது தனி ராமாயணம் அண்ணா. எஸ்சி, பிசி எல்லாம் தாசில்தார் மட்டத்தில் முடிந்துவிடும். எஸ்டிக்கு ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் வரைக்கும் போக வேண்டும். அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அப்பா பள்ளிக்கூடமே போகவில்லை, அவருக்கு எதற்கு யார் கொடுத்திருப்பார்கள்? எனக்கு விசாரணைக்கு வந்தவர் என் அப்பாவிடம் பாம்பு பிடிக்கத் தெரியுமா, எலி பிடிப்பாயா என்று கேட்டார். அப்பா சவுக்கு வெட்டுகிற ஆள். தெரியாது என்றார். அப்போ நீ இருளனே இல்லையே என்று சிரித்தார். எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போதுதான் கையில் வந்தது, அதுவும் சங்கத்தார் உட்கார்ந்து போராடி.

சான்றிதழ் இல்லையென்றால் ஜன்மன் பட்டியலில் எப்படிப் பெயர் வரும்? கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் ரேஷன் கார்டு உள்ள வீட்டை மட்டும் எழுதிப் போனார்கள். கார்டு கேட்டால் முகவரிச் சான்று கேட்பார்கள். ஏரிக்கரைக்கு ஏது கதவு எண்.

பழையகர்ணம்

தம்பி சொல்வது நடந்ததுதான், நடக்கிறதுதான். பேராசிரியர் பிரபா கல்விமணி திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் வைத்து இந்தச் சான்றிதழுக்காகத்தான் வருடக்கணக்கில் ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். அவர் மனு வந்தால் எங்கள் ஆபீசில் முணுமுணுப்பார்கள், ஆனால் கோப்பு நகரும். இதற்கு மேல் நான் பேசினால் பென்ஷனைப் பிடித்துவிடுவார்கள்.

கேள்விக்கென்ன

சவுக்குத்தோப்பு தம்பி, சூளை விஷயம் எனக்கு இப்படித் தெரியாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வேலை ஆறு மாதம் வெளியே என்றால், ஊருக்குள் மூன்று சென்ட் வாங்கிக் கட்டுவதைவிட வேலை நடக்கிற இடத்திலேயே நல்ல தங்குமிடம் கொடுக்கச் சொல்லிச் சூளை முதலாளியை நெருக்கினால் என்ன? அது சட்டப்படி அவர் பொறுப்புதானே.

சவுக்குத்தோப்பு

வேண்டாம் சார். சூளையில் நல்ல வீடு கொடுத்தால் அங்கேயே கட்டிப்போட்டு விடுவார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, ஆனாலும் அரிசி ஆலையிலும் சூளையிலும் மரம் வெட்டுகிற இடத்திலும் எங்கள் ஆட்களை மீட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மீட்டவுடன் விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார்கள், கொஞ்சம் உடனடிப் பணம் வரும். எங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவது என்று வண்டியை நிறுத்திவிட்டு ஆர்டிஓவும் போலீஸும் பேசிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஊர் என்று ஒன்று இருந்தால்தானே இறக்குவதற்கு. ஊரில் சொந்த மனை இருக்கிறவன் முன்பணம் வாங்க யோசிப்பான், தவறாகப் போனால் திரும்பி வர இடம் இருக்கிறதே என்று. இடம் இல்லாதவனுக்குச் சூளைதான் ஊர்.

கூடலூர்க்காற்று

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். சமவெளியில் ஏரி என்றால் எங்கள் பக்கம் செக்‌ஷன் 17. கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் 1969-ல் வந்தது, அதில் 17-ஆவது பிரிவு நிலம் யாருக்கு என்று இன்றுவரை முழுசாக முடியவில்லை. பெரிய எஸ்டேட்டுகளின் வழக்கு அது. ஆனால் அந்த நிலத்தில் காலங்காலமாக இருக்கிற பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்கு அதே காரணத்தைச் சொல்லிப் பட்டா இல்லை, ஆண்டுக்கணக்கில் கரண்ட் இல்லை. பாட்டன் காலத்து மண்ணில் இருக்கிறவர்களை ஆக்கிரமிப்பாளர் வரிசையில் வைத்து எழுதுவார்கள்.

வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்ததே என்பீர்கள். தமிழ்நாட்டில் 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு ஒன்றால் உரிமைப் பத்திரம் கொடுப்பது நின்றது, உச்ச நீதிமன்றம் 2016-ல் விலக்கும்வரை. மற்ற மாநிலங்கள் லட்சக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எட்டு வருடம் போனது போனதுதான்.

பணம் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. முதுமலை புலிகள் காப்பகத்திலிருந்து வெளியேறச் சம்மதித்த குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம். அந்தப் பணத்தில் நிலம் வாங்கித் தருகிறேன் என்று இடைத்தரகர்கள் புகுந்து பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களை ஏமாற்றியதாக வழக்குப் பதிவாகி விசாரணை வரைக்கும் போனது. படிக்கத் தெரியாத ஒருவரின் கணக்கில் 10 லட்சம் விழுகிறது என்றால் அவர் வாசலில் அன்று யார் யார் நிற்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

வால்பாறைமழை

காடர் என்கிற பழங்குடிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, சொல்லிவிடுகிறேன். ஆனைமலைக் காட்டுக்குள் கல்லார் என்று ஒரு குடியிருப்பு. 2019 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து வீடுகள் போய்விட்டன. அதிகாரிகள் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். செங்கல் சுவர், கரண்ட், ரோடு பக்கம், எல்லா வசதியும் உண்டு. காடர்கள் வேண்டாம் என்றார்கள். எங்களுக்குத் தெப்பக்குள மேடு கொடுங்கள், அது எங்கள் காடு, அங்கே தேனும் மீனும் இருக்கிறது, எங்கள் சாமி இருக்கிறது என்றார்கள். வனத்துறை முடியாது என்றது. விடாமல் உட்கார்ந்து 2021 அக்டோபரில் அங்கேயே உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். இதில் பெண்கள்தான் முன்னால் நின்றார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஜன்மன் பட்டியலில் கேரளக் காடர் உண்டு, தமிழ்நாட்டுக் காடர் கிடையாது. இருளருக்குத் தலைகீழ், இங்கே உண்டு, கேரளத்தில் இல்லை. நடுவில் ஒரு மலைதான். கல்யாணம் கட்டிக்கொடுத்த மகள் அந்தப் பக்கம் இருந்தால் அவள் வீட்டுக்கு ஒரு சட்டம், அம்மா வீட்டுக்கு ஒரு சட்டம். 2024 அக்டோபரில் பழங்குடிக் கிராமங்களுக்காக வந்த தர்த்தி ஆபா திட்டம், அந்த 79,156 கோடித் திட்டம், விட்டதைப் பிடிக்கும் என்கிறார்கள், பார்ப்போம்.

தொண்டைநாட்டான்

வால்பாறைமழை, அந்தத் திட்டத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. பொதுவாக 500 பேர், அதில் பாதிக்குமேல் பழங்குடி என்றால்தான் அந்தக் கிராமம் கணக்கில் வரும். மலைக்கிராமத்துக்கு அது பொருந்தும். இங்கே மூவாயிரம் பேர் இருக்கிற ஊரின் கடைசியில் பதினைந்து இருளர் குடும்பம். எந்தக் காலத்தில் பாதி ஆவது? கிராமத்தை அலகாக வைக்கிற திட்டம் எதுவாக இருந்தாலும் சமவெளி இருளரைத் தாண்டிப் போய்விடுகிறது. ஜன்மன் குடியிருப்பை அலகாக எடுத்தது, அந்த வரைக்கும் நல்லது, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனைகட்டி

எல்லையில் இருக்கிறேன், காலை டீ இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம் கேரளத்து அட்டப்பாடியில். நல்லபடியாக நடந்த ஒன்றையும் பதிவு செய்கிறேன், இல்லாவிட்டால் இந்த இழை முழுக்க ஒப்பாரியாகிவிடும்.

அட்டப்பாடியில் தொண்ணூறுகளின் நடுவில் ஜப்பான் கடனில் அஹாட்ஸ் என்று ஒரு திட்டம் வந்தது, பதினைந்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஓடியது. காடு வளர்ப்புதான் முதல் நோக்கம். ஆனால் வீடும் கட்டினார்கள், அதைக் கான்ட்ராக்டரிடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஊரு விகசன சமிதி என்று அந்த ஊர் மக்களே உள்ள ஒரு குழு. பணம் அந்தக் குழுக் கணக்கில். கல், மணல் வாங்குவது அவர்கள், மேஸ்திரியைப் பேசுவது அவர்கள், கூலிக்குப் போவதும் அவர்கள் பிள்ளைகள். இஞ்சினியர் வந்து பார்த்து அளந்து தருவார், அவ்வளவுதான். தன் அக்கா வீட்டுக்குத் தானே கலவை போடுகிறவன் சிமெண்டில் கை வைப்பானா?

நான் வேலைக்குப் போகிற ஒரு ஊரில் அந்தக் காலத்தில் கட்டிய வீடும் இருக்கிறது, பிறகு வேறு திட்டத்தில் கான்ட்ராக்டர் கட்டியதும் இருக்கிறது. மழை பெய்யும்போது எந்த வீட்டில் போய் ஒதுங்குகிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பின்னால் வந்த சில வீடுகளில் கூரை ஒழுகி வழக்கே நடந்தது அங்கே. அஹாட்ஸ் மூடியதும் அந்தக் குழுக்கள் கலைந்ததுதான் வருத்தம். பழகின கை சும்மா இருக்கிறது.

கம்பிசிமெண்ட்

ஆனைகட்டி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஆனால் ஒன்று. அட்டப்பாடியில் ஊர் ஊராக ஒன்றாக இருக்கிறார்கள், குழு அமைக்கலாம். ஏரிக்கரையில் எட்டுக் குடும்பம், அதில் ஐந்து சூளையில். குழு யார்? அங்கே கட்டுமானத்தைக் காலத்தோடு பொருத்த வேண்டும். ஆடியிலிருந்து மார்கழிக்குள் ஆட்கள் ஊரில் இருப்பார்கள், ஆனால் அதில் பாதி மழை. அப்படியென்றால் ஆனியில் அவர்கள் திரும்பி வந்தவுடன் மனை தயாராக, உத்தரவு தயாராக, கம்பி சிமெண்ட் குடோனில் தயாராக இருக்க வேண்டும். ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதம் போதும், ஐப்பசி மழைக்கு முன் கூரை போட்டுவிடலாம். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதற்காக மாசியில் அஸ்திவாரம் தோண்டச் சொல்வது யாருக்கும் உதவாது.

கட்டடம் பற்றியும் கொஞ்சம், இது என் ஏரியா என்பதால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். மனை தாழ்வான இடத்தில்தான் கிடைக்கும், அதுதான் யாரும் வேண்டாம் என்று விட்ட இடம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. கொட்டியது. அந்த மாவட்டத்தில் இன்னும் ரோடு மட்டத்திலிருந்து ஒரு அடி உயர்த்திக் கடைக்கால் போட்டால் எப்படி? குறைந்தது இரண்டரை அடி வேண்டும். அதற்கு நிரப்புமண் செலவு மதிப்பீட்டில் இருக்காது, கேட்டால் பயனாளி பங்கு என்பார்கள். கழிப்பறைக்கு இரட்டைக் குழி போடுகிறார்கள், நல்ல முறைதான், ஆனால் ஏரிக்குப் பக்கத்தில் நிலத்தடி நீர் கார்த்திகையில் கைக்கு எட்டும் ஆழத்தில் நிற்கும், குழி நிரம்பி எதிர்த்து வரும். அந்த ஒரு மழையோடு அந்தக் கழிப்பறை விறகு அறை ஆகிவிடும். அப்புறம் இவர்களுக்குக் கழிப்பறை பழக்கமே இல்லை என்று ஒரு அறிக்கை வரும். குழியை மேட்டில் எழுப்பிக் கட்ட வேண்டும், தண்ணீர்க் குழாய் வாசலில் இருக்க வேண்டும். குழாய் இல்லாமல் கழிப்பறை கட்டுவது கட்டாமல் இருப்பதற்குச் சமம்.

உள்ளே ஒரு ஹால், ஒரு சின்ன அறை, ஒரு அடுப்படி என்று வரைபடம் இருக்கும். விறகடுப்பு வைத்தால் அந்த அடுப்படியில் கண் திறக்க முடியாது. சமையல் வெளியேதான் நடக்கும், பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்தால் போதும். முன்னால் திண்ணை. ஆடு கட்ட ஒரு மூலை. இதெல்லாம் பெரிய செலவே இல்லை, கட்டும் முன் வீட்டுக்கார அம்மாவிடம் பத்து நிமிடம் பேச வேண்டும், அதுதான் நடப்பதில்லை.

சவுக்குத்தோப்பு

ஆடு மூலை சொன்னீர்களே அண்ணா, எங்கள் அம்மா அதைத்தான் கேட்டாள். வரைபடத்தில் இல்லை என்றுவிட்டார்கள். இப்போது படுக்கிற அறையில் ஆடு கட்டுகிறாள், நாங்கள் திண்ணையில் படுக்கிறோம். ஓவர்சியர் வந்து பார்த்து வீட்டை அசுத்தமாக வைத்திருக்கிறாய் என்று திட்டிவிட்டுப் போனார்.

சுடுகாட்டையும் யாராவது எழுதுங்கள். மனை கொடுக்கும்போது அதையும் கேட்க வேண்டும். எங்கள் பாட்டி இறந்தபோது புதைக்க இடம் இல்லாமல் ஓடைக்கரையில் புதைத்தோம், அடுத்த மழையில் கரை அரித்துக்கொண்டது. அதற்குமேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கேள்விக்கென்ன

சரி தம்பி. நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஆனால் பழையகர்ணம் ஐயாவிடம் ஒன்று: ஏரியை விட்டு எழுப்ப வேண்டும், புறம்போக்கு வேறொருவர் கையில், வாங்கிக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் வழி என்னதான்? சும்மா எல்லோரையும் திட்டிவிட்டுப் போவதில் பயனில்லை.

பழையகர்ணம்

வழி இருக்கிறது, உழைக்க வேண்டும். முதலில் அந்த ஊரின் நில விவரம் எல்லாம் உள்ள அ-பதிவேட்டைப் பாருங்கள். தரிசு, அனாதீனம் (உரிமையாளர் இல்லாத நிலம்), கல்லாங்குத்து (கல் நிறைந்த மேடு) என்று எந்தச் சர்வே எண்ணில் என்ன வகைப்பாடு என்று அதில் இருக்கும். தமிழ்நிலம் இணையத்திலும் சர்வே எண் போட்டுப் பார்க்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு நேரில் போய் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். "எங்களுக்கு இடம் கொடுங்கள்" என்று மனு கொடுத்தால் புறம்போக்கு இல்லை என்று ஒரு வரியில் பதில் வரும். "இந்தச் சர்வே எண்ணில் இத்தனை ஏர்ஸ் தரிசு இருக்கிறது, அதில் ஒப்படை செய்யுங்கள்" என்று கொடுத்தால் அந்த ஒரு வரிப் பதிலை எழுத யாருக்கும் கை வராது. வருடாந்தர வருவாய்த் தீர்வாயமான ஜமாபந்தியில் கொடுங்கள், அங்கே பதிவேடு எல்லாம் மேசையில் விரித்து இருக்கும்.

இரண்டாவது, பட்டா கையில் வாங்கியவுடன் விழா முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். மேடையில் பட்டா கொடுத்து, இடத்தை அளந்து காட்டாமலே வருடக்கணக்கில் போன கேஸ் ஏராளம். 2021 தீபாவளிக்கு முதலமைச்சர் நேராக மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார், எல்லா டிவியிலும் வந்தது. எல்லா ஊருக்கும் முதலமைச்சர் வர மாட்டார். சர்வேயரை அழைத்து நான்கு மூலைக்கும் கல் நட்டு, பெயர் வாரியாக மனை எண் எழுதி, அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல் நடும் அன்றைக்கு வேர்க்கடலைக்காரர் வருவார். அன்றைக்கு மட்டும் கும்பலாக இருங்கள், தாசில்தாரையும் இருக்கச் சொல்லுங்கள்.

கூடலூர்க்காற்று

ஐயா, காட்டுப் பக்கத்துக்கு இதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். வன உரிமைச் சட்டம் 3(2)-ல் பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், ரோடு மாதிரி 13 வசதிகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக வன நிலம் எடுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரை வேண்டும். பெரிய அனுமதி எதுவும் தேவையில்லை. ஆனால் வனத்துறை ரேஞ்ச் ஆபீசில் இதைச் சொன்னால் புதிதாகக் கேட்பது மாதிரி பார்ப்பார்கள். சட்டத்தின் தமிழ்ப் பிரதியைக் கையோடு எடுத்துப் போங்கள், வரியைக் காட்டுங்கள்.

தொண்டைநாட்டான்

நிறைய கிடைத்தது. நான் தொடக்கத்தில் சொன்ன ஏரி உள்வாய்க் குடியிருப்புக்கு அ-பதிவேடு எடுத்துப் பார்த்தேன், இரண்டு எண் சிக்கியிருக்கிறது. ஒன்று கல்லாங்குத்து, ரோடு மட்டத்துக்கு மேலே. இன்னொன்று தரிசு, பள்ளம், ஆனால் ஊருக்குப் பக்கம். அங்கிருக்கிற அம்மாக்களிடம் கேட்டேன். மூத்தவர்கள் கல்லாங்குத்து என்கிறார்கள், வெள்ளம் வராது, யாருடனும் சண்டை இல்லை என்று. இளையவர்கள் ஊர்ப் பக்கம் என்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கம், ராத்திரி பிரசவ வலி வந்தால் ஆட்டோ வரும் என்று. இரண்டுமே நியாயம். நான் எதையும் சொல்லவில்லை, அவர்களே பேசி முடிக்கட்டும்.

சவுக்குத்தோப்பு

பள்ளம் என்றால் வேண்டாம் அண்ணா, மண் கொட்ட யார் தருவார்கள்? ஆனால் ஊர்ப் பக்கம் என்று பெண்கள் சொல்வதும் புரிகிறது. கல்லாங்குத்திலிருந்து ரோடு எவ்வளவு தூரம், நடுவில் யார் நிலம் என்று பாருங்கள். வழி விடாமல் அடைத்துவிட்டால் மேடு இருந்தும் பயன் இல்லை. எங்கள் பக்கம் அப்படி ஆகியிருக்கிறது.

கம்பிசிமெண்ட்

இரண்டு எண்ணையும் தனிமடலில் அனுப்புங்கள் தொண்டைநாட்டான். மட்டம் பார்க்கிற ஆட்டோ லெவல் கருவி நண்பரிடம் இருக்கிறது, இரண்டு இடத்திலும் மட்டம் எடுத்துப் பள்ளத்தை நிரப்ப எத்தனை லோடு மண் ஆகும் என்று எழுதித் தருகிறேன், அவர்கள் அதை வைத்துப் பேசட்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முடியும். சூளைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு ஞாயிறு சொல்லுங்கள், எல்லோரும் இருக்கும்போது அளந்தால்தான் நல்லது.

தொண்டைநாட்டான்

பொங்கல் முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், அதற்கு முந்தின ஞாயிறு வைத்துக்கொள்வோம். பழையகர்ணம் ஐயா, பென்ஷனுக்கு ஆபத்து இல்லையென்றால் நீங்களும் வாருங்கள், நில எல்லை அளவுகள் உள்ள புலப்பட வரைபடம் படிக்க ஆள் வேண்டும்.

பழையகர்ணம்

வருகிறேன். வண்டி மட்டும் யாராவது அனுப்புங்கள்.